பிரிட்டனில் பிக்கப்பின் பின்னே கனமான டிரெய்லர்: உரிம விதியும் வண்டியின் வரம்பும்

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் சாதாரணக் கார் உரிமம் பெற்றவர்கள், 3,500 கிலோ வரை அனுமதிக்கப்பட்ட மொத்த எடை கொண்ட டிரெய்லரை 2021 டிசம்பர் 16 முதல் தனித் தேர்வு இல்லாமலே இழுத்துச் செல்லலாம். அதற்கு முன், 1997 ஜனவரி 1 முதல் கார் தேர்வில் தேறியவர்கள் கனமான டிரெய்லருக்கென இன்னொரு தேர்விலும் தேற வேண்டியிருந்தது. புதிய தகுதிக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அடுத்த உரிம அட்டையில் அது தானாகவே சேர்ந்துவிடும்.

தளர்ந்தது உரிம விதி மட்டுமே. ஒவ்வொரு வண்டிக்கும் அதைத் தயாரித்தவர் விதித்த வரம்பு அப்படியே இருக்கிறது; பிக்கப் ஓட்டுபவர்கள் பெரிதும் தவறுவது இங்கேதான். '3,500 கிலோ இழுக்கும்' என்ற விளம்பரத்தை நம்பி, பின்தொட்டியையும் நிரப்பி, டிரெய்லரையும் முழுமையாக ஏற்றிவிடுகிறார்கள். வண்டியில் பொருத்தப்பட்ட தகட்டில், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து தாண்டக் கூடாத கூட்டு எடை தனியே குறிக்கப்பட்டிருக்கும். கூட்டு எடை 6,000 கிலோ, பிக்கப்பின் மொத்த எடை 3,200 கிலோ என்று வைத்துக்கொண்டால், பிக்கப் நிறைந்திருக்கும்போது டிரெய்லருக்கு எஞ்சுவது 2,800 கிலோதான். சுமை ஏற்றுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்குமாறு வற்புறுத்திச் சொல்கிறேன்.

750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். இணைப்பு கழன்றால் அந்த பிரேக்கை இயக்கும் கம்பியும் மாட்டப்பட்டிருக்க வேண்டும். பாரத்தின் பெரும்பகுதி சக்கர அச்சுக்கு மேலேயே அமைய வேண்டும். பின்புறத்தில் பாரம் கூடினால் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்புவதும் ஆபத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து வேகம் தானே தணிய விட வேண்டும்.

டிரெய்லர் இழுக்கும்போது உச்ச வேக வரம்பு, நடுப்பிரிப்பு இல்லாத சாலையில் மணிக்கு 50 மைல். நடுப்பிரிப்புள்ள இரட்டைச் சாலையிலும் மோட்டார்வே எனப்படும் அதிவேக நெடுஞ்சாலையிலும் 60 மைல். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்களுள்ள மோட்டார்வேயில் வலது ஓரத் தடத்தில் செல்லக் கூடாது.

தொழிலுக்காகச் சரக்கு இழுப்பவர்களுக்குக் கூடுதல் விதி உண்டு. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட எடை 3,500 கிலோவைத் தாண்டினால், ஓட்டும் நேரத்தைப் பதிவு செய்யும் டேக்கோகிராஃப் கருவி பொதுவாகத் தேவைப்படும். ஆனால் ஓட்டுவதே முதன்மை வேலையாக இல்லாதவர், தம் வேலைக்கான கருவிகளையும் பொருள்களையும் வண்டியின் வழக்கமான இருப்பிடத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள் கொண்டுசெல்ல, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 7,500 கிலோ வரை விலக்கு உண்டு.