துக்குனாரேயைக் குறை, ஜராக்கியைக் கூட்டு: அமேசான் மீனுக்குள் பாதரசம் ஏறும் வழி

அமேசான் மீனைச் சாப்பிடலாமா கூடாதா என்று கேட்டால், விவரம் தெரிந்த ஆய்வாளர் உடனே பதில் சொல்லமாட்டார். எந்த மீன், எந்த ஆறு, வாரத்துக்கு எவ்வளவு, சாப்பிடுபவர் யார் என்று நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேட்பார். இதை மழுப்பல் என்று நினைக்க வேண்டாம். மாதம் ஒருமுறை மீன் வாங்கும் மனாவுஸ் நகரத்துக்காரருக்கு ஒன்றும் செய்யாத அதே மீன், தப்பாஜோஸ் ஆற்றங்கரையில் இரண்டு வேளையும் மீன் சாப்பிடும் கர்ப்பிணிக்குக் கெடுதலாக முடியலாம். காரணம் பாதரசம், அதிலும் மெத்தில் பாதரசம் என்ற அதன் ஒரு வடிவம்.

பிரேசிலின் பொதுச் சுகாதார ஆய்வு நிறுவனமான ஃபியோக்ரூஸ் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2021 மார்ச் முதல் 2022 செப்டம்பர் வரை ஆறு அமேசான் மாநிலங்களில், 17 ஊர்களில் மீன்களைச் சேகரித்துச் சோதித்தது. மொத்தம் 1,010 மீன்கள், 80 இனங்கள். அவற்றில் 21.3 சதவீதத்தில் பாதரசம் கிராமுக்கு 0.5 மைக்ரோகிராம் என்ற வரம்பை எட்டியோ தாண்டியோ இருந்தது. ரொரைமா மாநிலத்தில் இது 40 சதவீதம், ஆக்ரேயில் 35.9. மாநிலக் கணக்கைவிட முக்கியமானது இன்னொரு எண்: மற்ற மீன்களில் இருப்பதைப்போல் 14 மடங்கு பாதரசம் ஊனுண்ணி மீன்களில் இருந்தது.

பழி முழுவதையும் தங்கத்தின் மேல் போடுவது சுலபம். அனுமதியில்லாத தங்கச் சுரங்கங்களில் ஆற்று மணலோடு பாதரசத்தைக் கலக்கிறார்கள். மணலில் தூளாகக் கிடக்கும் தங்கத்தை அது பிடித்துக்கொண்டு கட்டியாகிறது. அந்தக் கட்டியைச் சூடாக்கினால், 357 டிகிரியில் கொதிக்கும் பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் தங்கிவிடும். 1 கிராம் தங்கத்துக்கு 1 கிராம் பாதரசமாவது, பல இடங்களில் அதற்கு மேலும், இப்படி ஆற்றிலும் காற்றிலும் கலக்கிறது. உலகில் மனிதச் செயலால் காற்றில் சேரும் பாதரசத்தில் ஏறக்குறைய 38 சதவீதம் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018 மதிப்பீடு.

ஆனால் அமேசானின் துணை ஆறான ரியோ நெக்ரோவின் பல கிளைகளில் தங்கச் சுரங்கமே இல்லை. அங்கும் ஊனுண்ணி மீன்களில் வரம்பைத் தாண்டிய பாதரசம் இருக்கிறது. 1990களில் தப்பாஜோஸ் ஆற்றில் வேலை செய்த கனடா-பிரேசில் ஆய்வுக்குழு இதற்கு விளக்கம் தந்தது. அமேசானின் மண் மிகப் பழையது. காற்றிலிருந்து விழுந்த பாதரசத்தை அந்த மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் நெடுங்காலமாகப் பிடித்துவைத்திருக்கின்றன. காட்டை வெட்டி எரித்தால் மண் அரித்துக்கொண்டு ஆற்றுக்குப் போகிறது, பாதரசமும் கூடவே போகிறது. ஆகவே சுரங்கத்தை மட்டும் மூடினால் மீன் சுத்தமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மூடத்தான் வேண்டும், ஆனால் அது பாதி வேலை.

மண்ணிலும் நீரிலும் இருக்கும் சாதாரணப் பாதரசம் மீனுக்குள் அவ்வளவாக ஏறாது. குடலில் அது உறிஞ்சப்படும் அளவு பத்து சதவீதத்துக்குக் கீழேதான். வினையை உண்டாக்குபவை ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள். சல்பேட்டையோ இரும்பையோ கொண்டு சுவாசிக்கும் இவை, பாதரச அணுவோடு ஒரு மெத்தில் தொகுதியை (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) ஒட்டி மெத்தில் பாதரசமாக்கிவிடுகின்றன. இதற்குத் தேவையான இரண்டு மரபணுக்கள் 2013-ல்தான் அடையாளம் காணப்பட்டன. அமேசானில் இந்த வேலை மும்முரமாக நடப்பது வெள்ளத்தில் மூழ்கும் காடுகளிலும், மிதக்கும் புல், ஆகாயத்தாமரை போன்றவற்றின் வேர்ப்பின்னலிலும்தான். ஆண்டுக்குப் பல மாதம் காடே தண்ணீருக்குள் நிற்கிறது, இலைதழை அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. அமிலத்தன்மை கொண்ட, கருந்தேநீர் நிறத்து ரியோ நெக்ரோ நீர் இதற்கு இன்னும் தோதானது. அணைகளும் இதையே செய்கின்றன. 1980களில் துக்குருயி, பல்பினா அணைகள் நிரம்பியபோது காடு நின்றபடியே மூழ்கியது. பல்பினா 2,300 சதுர கிலோமீட்டருக்கு மேல் மூழ்கடித்துக் கட்டிய 250 மெகாவாட் அணை. மின்சாரத்துக்குக் கொடுத்த விலை என்று பார்த்தால் இதைப்போல மோசமான பேரம் குறைவு.

மெத்தில் பாதரசம் குடலில் 95 சதவீதம்வரை உறிஞ்சப்படுகிறது. புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தோடு இறுகப் பிணைந்து தசையில் தங்கிவிடுகிறது, வெளியேறுவது மிக மெதுவாக. பாசியிலிருந்து நுண்ணுயிருக்கு, அதிலிருந்து சிறு மீனுக்கு, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு என்று ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். ஆற்று நீரில் மொத்தப் பாதரசம் லிட்டருக்கு 5 நானோகிராம் என்று வையுங்கள். கிராமுக்கு 0.5 மைக்ரோகிராம் உள்ள மீனில் அதன் செறிவு ஒரு லட்சம் மடங்கு. ஆற்று நீரைக் குடிப்பதால் பாதரச ஆபத்து இல்லை, அந்த ஆற்று மீனால் உண்டு என்பது இதனால்தான்.

மீனின் உணவுப் பழக்கம் தெரிந்தால் பாதி விடை தெரிந்த மாதிரி. தம்பாக்கி, மூழ்கிய காட்டில் நீந்தி ரப்பர் விதைகளையும் பழங்களையும் கடித்து உடைத்துத் தின்னும். பாக்கு, மத்ரின்ஷா இரண்டுக்கும் பழமும் விதையும் பிடிக்கும். ஜராக்கியும் குரிமத்தாவும் வண்டல் மக்கைச் சுரண்டுபவை. அக்காரி மரக்கட்டையில் ஒட்டி வழித்துத் தின்னும். நம்மூர் மீன்தொட்டிக் கடைகளில் 'சக்கர்' என்று விற்கும் மீனின் குடும்பம், இன்று தமிழ்நாட்டு ஏரிகளிலும் தப்பிப் பெருகிவிட்டது. இவையெல்லாம் கீழ்ப்படி. மேல்படியில் இருப்பவை மற்ற மீன்களைத் தின்பவை: துக்குனாரே, பதுங்கியிருந்து பாயும் த்ராயீரா, பிரான்யா, பெரிய கெளுத்திகளான டோராடா, பிராயிபா. வயதும் சேர்ந்துகொள்ளும்: ஒரே இனத்தில் 50 சென்டிமீட்டர் மீனில் 25 சென்டிமீட்டர் மீனைவிடக் கூடுதலாக இருக்கும். குளத்தில் தீவனம் போட்டு வேகமாக வளர்த்த தம்பாக்கியில் காட்டு மீனைவிடக் குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம். தசை வளரும் வேகத்தில் பாதரசம் பரவிக் குறைகிறது.

அளக்கும் விதம்

ஆய்வகத்துக்கு மீன் பனிக்கட்டியில் வரும். முதலில் நீளம், எடை. பிறகு முதுகுத் துடுப்புக்குக் கீழே தோலை நீக்கி, முள் இல்லாத தசையில் ஒரு துண்டு எடுத்து உறைய வைப்பார்கள். சோதிக்க 50 முதல் 100 மில்லிகிராம் போதும். நேரடிப் பாதரச அளவைக் கருவியில் அதை ஒரு சிறு நிக்கல் படகில் வைத்துச் சூடாக்கி எரிப்பார்கள். வெளிவரும் வாயு ஒரு வினையூக்கியைக் கடந்து, தங்கம் பூசிய பொறிக்குள் போகும். பாதரசம் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும், மற்றவை வெளியேறிவிடும். ஆற்று மணலில் தங்கத்தைப் பிடிக்கும் அதே ஒட்டுதல் இங்கே பாதரசத்தைப் பிடிக்க உதவுகிறது. பின் தங்கத்தைச் சூடாக்கினால் ஆவி ஒரே வீச்சில் வரும். 253.7 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதிலிருந்து அளவு தெரிந்துவிடும். ஊனுண்ணி மீனின் தசையில் மொத்தப் பாதரசத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மெத்தில் வடிவம்தான் என்பதால், தனியே பிரித்து அளக்காமல் மொத்தத்தையே வைத்துக்கொள்கிறார்கள். வண்டல் தின்னும் மீனுக்கு இந்த அனுமானம் அவ்வளவு பொருந்தாது.

தவறு நுழையும் இடங்கள் பல. அதிகப் பாதரசம் உள்ள மாதிரிக்குப் பின் வெற்றுப் படகை ஓட்டாவிட்டால், பொறியில் மிஞ்சியது அடுத்த மீனின் கணக்கில் ஏறும். அளவு தெரிந்த சான்று மாதிரியை இடையிடையே ஓட்டாவிட்டால் கருவியின் அளவீடு விலகியது தெரியாது. இவற்றைவிட அடிக்கடி நடப்பது ஈர எடை, உலர் எடைக் குழப்பம். மீன் தசையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உலர்த்தி அளந்த 2 மைக்ரோகிராமை அப்படியே வரம்போடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு மிகை. மூடி சரியில்லாத டப்பாவில் மாதக்கணக்கில் உறையவைத்த மீனும் தண்ணீர் இழந்து அளவைக் கூட்டிக் காட்டும். இரண்டு ஆறுகளை ஒப்பிடும்போது மீனின் நீளத்தைச் சமன் செய்யாத கட்டுரையைப் படிக்காமல் விட்டாலும் நட்டமில்லை. டோராடாவுக்கு வேறொரு சிக்கல். ஆண்டீஸ் அடிவாரத்துக்கும் கழிமுகத்துக்கும் இடையே பல ஆயிரம் கிலோமீட்டர் பயணிக்கும் மீன் அது. கழிமுகத்து நகரமான பெலேமில் பிடித்ததன் பாதரசம் எந்த ஆற்றுடையது என்று அந்த ஒரு மீனை வைத்துச் சொல்ல முடியாது.

வரம்பு யாருக்காக?

பிரேசிலின் சட்ட வரம்பு சாதாரண மீனுக்குக் கிராமுக்கு 0.5 மைக்ரோகிராம், ஊனுண்ணிக்கு 1. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் வரை ஏற்கலாம் என்று 2003-ல் சொன்னது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரத்துக்கு 96 மைக்ரோகிராம். 0.5 அளவுள்ள, சட்டப்படி விற்கத்தக்க மீனில் இதை எட்ட 192 கிராம் போதும்.

ஆற்றங்கரைக் குடும்பங்களில் ஒருவர் நாளுக்கு 400 கிராம் மீன் சாப்பிடுவது சாதாரணம். வாரத்துக்கு 2,800 கிராம். அவர் அந்த 96-க்குள் நிற்க வேண்டுமானால் மீனில் கிராமுக்கு 0.034 மைக்ரோகிராம்தான் இருக்கலாம், அதாவது சட்ட வரம்பில் பதினைந்தில் ஒரு பங்கு. கர்ப்பிணிகளையும் கருத்தரிக்கக்கூடிய பெண்களையும் தவிர்த்த பெரியவர்களுக்கு இதில் இரண்டு மடங்கு வரை பொறுக்கலாம் என்று அதே குழு பின்னர் விளக்கியது. அப்போதும் சட்ட வரம்பில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் வராது. சந்தை மீனை அதிகாரி பார்த்து முத்திரை குத்துவதற்கு அந்த வரம்பு பயன்படும். மீனையே சோறாகச் சாப்பிடுபவருக்கு அதனால் பயனில்லை.

கர்ப்பிணியைத் தனியே சொல்லக் காரணம் உண்டு. சிஸ்டீனோடு சேர்ந்த மெத்தில் பாதரசம், மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் சாயலில் இருக்கும். மூளைக்கும் நச்சுக்கொடிக்கும் காவல் நிற்கும் கடத்திகள் ஏமாந்து அதை உள்ளே விடுகின்றன. தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தத்தைவிட அதிகப் பாதரசம் சேர்வது இதனால்தான்.

மனிதரில் இதை அளக்க முடி போதும். பின்தலையில், தோலை ஒட்டி ஒரு கொத்து வெட்டுவார்கள். முடி மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும், இரத்தத்தில் உள்ளதைப்போல் ஏறக்குறைய 250 மடங்கு பாதரசத்தைச் சேர்த்துவைக்கும். சென்டிமீட்டர் வாரியாக வெட்டி அளந்தால் எந்த மாதம் எவ்வளவு பாதரசம் ஏறியது என்பதே தெரியும்: தப்பாஜோஸ் கரையில் அளவு ஏறுவதும் இறங்குவதும் பருவத்துக்குப் பருவம் மீன் வகை மாறுவதோடு ஒத்துப்போனது. அதே ஆற்றுப் படுகையில் முண்டுருக்கு பழங்குடி மக்களின் மூன்று கிராமங்களில் ஃபியோக்ரூஸ் சோதித்த ஒவ்வொருவரின் முடியிலும் பாதரசம் இருந்தது. பத்தில் ஏறக்குறைய ஆறு பேருக்குக் கிராமுக்கு 6 மைக்ரோகிராமுக்கு மேல்.

இதைக் கேட்டவுடன் 'மீனை விடுங்கள்' என்று சொல்லத் தோன்றும். அது மோசமான ஆலோசனை. மீனை விட்டால் அங்கே கிடைப்பது டப்பாக் கறியும் கொழுப்பேறிய சாசேஜும்தான். கனடா-பிரேசில் குழு, பிரசீலியா லெகால் என்ற தப்பாஜோஸ் கிராமத்தில் வேறு வழி எடுத்தது. மீனைத் தின்னாத மீன்களை அதிகம் தின்னுங்கள் என்பதுதான் அவர்கள் சொன்னது. எந்த மீன் எந்தப் பக்கம் என்ற பட்டியலைக் கிராமத்தாரோடு உட்கார்ந்தே போட்டார்கள். 1995-க்கும் 2000-க்கும் இடையில் மீன் அளவு குறையாமலே பாதரசம் ஏறக்குறைய 40 சதவீதம் இறங்கியது. அங்கேயே 26 பெண்கள் ஓராண்டு நாள்தோறும் எழுதிய உணவுக் குறிப்பில், பழம் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அதே மீனிலிருந்து குறைவான பாதரசமே ஏறியது தெரிந்தது.

உடலில் மெத்தில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாள் ஆகும். கர்ப்பம் தரித்தபின் மீனை மாற்றுவதைவிட ஆறு மாதம் முன்பே மாற்றுவது நல்லது. சமையலால் ஒன்றும் ஆகாது. எலுமிச்சைச் சாறு, உப்பு, பொரிப்பு, கொதிப்பு எதுவும் புரதத்தில் பிணைந்ததை எடுக்காது. கொழுப்பை வெட்டி எறிவதும் பயனற்றது, பாதரசம் இருப்பது தசையில். கருவாடாக்கினால் தண்ணீர் போய் ஒவ்வொரு கிராமிலும் அளவு கூடும்.

பாதரசம் குறைந்த மீன் என்பதாலேயே எல்லா விதத்திலும் பத்திரம் என்று ஆகிவிடாது. 2008-ல் அமேசோனாஸ் மாநிலத்தில் 27 பேருக்குத் திடீர்த் தசை வலியும் கரிய சிறுநீரும் வந்தன. ஹாஃப் நோய். அவர்கள் தின்றது பாக்கு, தம்பாக்கி, பிராப்பிச்சிங்கா. 2021-ல் இத்தாக்குவாத்தியாரா ஊரில் மீண்டும் வந்தது. சாப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் தசை நார்கள் சிதைந்து, தசைப் புரதமான மயோகுளோபின் சிறுநீரில் இறங்கி நிறம் மாறுகிறது. நச்சு எது என்று இன்றுவரை பிரித்தெடுக்கப்படவில்லை, சமைத்தாலும் அழியாது. நிறைய நீரேற்றிச் சிறுநீரகத்தைக் காப்பதே சிகிச்சை, ஆகவே கரிய சிறுநீரைப் பார்த்ததும் மருத்துவமனைக்குப் போகவேண்டும். இது அரிது. இதற்குப் பயந்து தம்பாக்கியை விட்டுத் துக்குனாரேக்கு மாறுவது கணக்குத் தெரியாத பயம்.

இனத்தைப் பார்த்து வாங்கச் சொல்லும் ஆலோசனை சந்தையில் ஓர் இடத்தில் உடைகிறது. பிரக்காத்திங்கா என்ற பிணம் தின்னும் கெளுத்தி உண்டு. நதி ஓங்கில்களையும் (டால்பின்களையும்) முதலைகளையும் கொன்று அதற்கு இரையாகப் போட்டதால் பிரேசில் 2015 முதல் அதன் மீன்பிடிப்பை நிறுத்திவைத்தது. தசையில் பாதரசம் வரம்புக்கு மேல் இருந்ததால் கொலம்பியா 2017-ல் அதன் விற்பனையையே தடை செய்தது. ஆனால் அதன் பெயரைச் சொல்லி யாரும் விற்கவில்லை. கொலம்பியாவில் 'கபாஸ்' என்ற வேறு மீனின் பெயரில் போனது, மனாவுஸ் கடைகளில் 'டோராடிஞ்யா' என்று கிடந்த துண்டுகள் டி.என்.ஏ. சோதனையில் பிரக்காத்திங்கா என்று தெரிந்தது. தோலுரித்த துண்டைப் பார்த்து இனத்தைச் சொல்ல மீனவராலும் முடியாது. தலையும் தோலும் உள்ள முழு மீனாக வாங்கி, கண் முன்னே வெட்டச் சொல்வதுதான் அங்கே நடைமுறைக்கு ஒத்த வழி.