டைடு எய்டு: தமிழில் என்ன சொல்லலாம்?

ஒரு பணக்கார நாடு ஏழை நாட்டுக்கு நன்கொடையோ கடனோ தருகிறது. ஆனால் அந்தப் பணத்தில் வாங்கும் பொருளும், வேலை செய்யும் ஒப்பந்ததாரரும் தன் நாட்டிலிருந்தே வர வேண்டும் என்கிறது. இதைத்தான் ஆங்கிலத்தில் ‘டைடு எய்டு’ என்கிறார்கள். ‘டை’ என்றால் கட்டுதல். கொடுத்தவரின் சந்தையோடு பணம் கட்டப்பட்டிருக்கிறது.

இதை ‘நிபந்தனை உதவி’ என்று எழுதினால் பொருள் மாறிப்போகும். மானியத்தைக் குறை, வரியை உயர்த்து என்று சர்வதேச நாணய நிதியம் சொல்கிறதே, அதுதான் நிபந்தனை. அது அரசின் கொள்கையைப் பிடிக்கிறது. டைடு எய்டு பிடிப்பது கொள்முதலை. ‘பிணை உதவி’யும் சரிவராது, ஜாமீன் நினைவுதான் வரும்.

வழக்கம் பழையது. போரில் நொறுங்கிய ஐரோப்பாவுக்கு அமெரிக்கா உதவிய, 1948இல் தொடங்கிய மார்ஷல் திட்டத்திலேயே, அமெரிக்காவில் வாங்கிய சரக்கில் பாதியாவது அமெரிக்கக் கப்பலில் போக வேண்டும் என்ற விதி இருந்தது. 1954இல் வந்த பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின்கீழ் அமெரிக்காவில் மிஞ்சிய கோதுமை இந்தியாவுக்கு வந்தது.

இன்று இந்தியாவும் கொடுக்கும் இடத்தில் இருக்கிறது. இந்திய எக்சிம் வங்கி (ஏற்றுமதி இறக்குமதி வங்கி) வழியாக அரசு தரும் கடனில், பொதுவாக 75 சதவீதப் பொருளும் சேவையும் இந்தியாவிலிருந்து போக வேண்டும். போரில் தண்டவாளமே இல்லாமல் போன இலங்கையின் வடக்குப் பாதையை இந்தியக் கடனில் மீண்டும் போட்டது இந்தியப் பொதுத்துறை நிறுவனமான இர்கான். 2014இல் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. அந்த மக்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இப்படிப்பட்ட கடனில், வாங்கும் நாட்டால் உலகச் சந்தையில் விலை கேட்டுப் பார்த்து வாங்க முடியாது. கட்டுப் போட்ட உதவியில் செலவு 15 முதல் 30 சதவீதம் வரை கூடும் என்பது பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் மதிப்பீடு. உள்ளூர் ஒப்பந்ததாரருக்கும் வேலை கைநழுவுகிறது. மிக ஏழை நாடுகளுக்கான உதவியில் இந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும் என்று அந்த அமைப்பின் கொடை நாடுகள் 2001இல் பரிந்துரை ஏற்றன. இந்தியாவும் சீனாவும் அந்தக் குழுவில் இல்லை.

‘கட்டுள்ள உதவி’ என்பதே என் தேர்வு. எதிர்ச்சொல்லும் கூடவே கிடைக்கிறது: கட்டற்ற உதவி. கட்டற்ற மென்பொருள் என்று ஏற்கெனவே புழங்குகிறோம், அதனால் காதுக்கும் புதிதல்ல. அப்புறம், வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய பணம் என்றால் ‘உதவி’யையும் விட்டுவிட்டு, கட்டுள்ள கடன் என்றே எழுத வேண்டும்.