டப்பா வாயத் தொறக்கலன்னா காசு எங்க இருக்கு?

பதினஞ்சு ரூபா டீக்கு ஸ்கேன் பண்ணி பின் போட்டாச்சு, காசு எடுத்தாச்சுன்னு பேங்க்ல இருந்து எஸ்எம்எஸ்ஸும் வந்துடுச்சு, ஆனா காசு வந்துச்சுன்னு சத்தமா சொல்ற கடை டப்பா (சவுண்ட்பாக்ஸ்) வாயத் தொறக்கல. மாஸ்டர் நம்மளப் பாக்குறாரு, நாம போனைப் பாக்குறோம். இந்த மாதிரி ரெண்டு தடவ ஆனா போதும், கேஷ்பேக் கொடுத்தாலும் அந்த ஆப்ப யாரும் தொட மாட்டாங்க.

ஆனா பாவம், பல நேரம் தப்பு ஆப் மேல இல்ல. ஜிபே, போன்பே, பேடிஎம் எல்லாம் வாசல்தான், உள்ள ஓடுறது பேங்குகளுக்கு நடுவுல பணப் பரிமாற்றத்த நடத்துற என்பிசிஐங்கிற அமைப்பு 2016ல கொண்டுவந்த ஒரே யூபிஐ. நீங்க போடுற பின்ன ஆப் கம்பெனியால படிக்க முடியாது, அது பூட்டுப் போட்டு உங்க பேங்குக்குப் போகுது, பேங்க் காசை எடுத்துட்டு என்பிசிஐகிட்ட சொல்லும், என்பிசிஐ கடைக்காரர் பேங்க்ல வரவு வைக்கச் சொல்லும், அங்கிருந்து சரின்னு பதில் வந்தாதான் பச்சை டிக். நடுவுல ஒருத்தர் பதில் சொல்ல லேட் ஆனாலும் பெண்டிங். நானும் மூணு ஆப் மாத்திப் பாத்தேன், எல்லாத்துலயும் அதே பேங்க் அக்கவுண்ட், அப்புறம் எப்படி சரியாகும்? வேற பேங்க இணைச்சப்புறம்தான் தொல்லை விட்டுச்சு.

அந்த டப்பாவுக்குள்ள தனி சிம் இருக்கு, நம்ம போனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, பேமெண்ட் கம்பெனி சர்வர் சொன்னாதான் பேசும். அதான் போலி ஸ்க்ரீன்ஷாட் காட்டி ஏமாத்துறவங்க பருப்பு அங்க வேகாது.

மாட்டிக்கிட்ட காசுக்கு ரிசர்வ் பேங்க் 2019லயே கணக்கு சொல்லிடுச்சு: ஆளுக்கு அனுப்பினதுன்னா மறுநாளுக்குள்ள, கடைக்குன்னா 5 நாளுக்குள்ள தானா திரும்பணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபா நஷ்டஈடு, அதுவும் நாம கேக்காமலே வரணும். நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது.

சின்னச் சின்ன செலவுக்கு 2022ல யூபிஐ லைட் வந்துச்சு. கொஞ்சம் காசை முன்னாடியே அதுல போட்டு வச்சா, ஒவ்வொரு டீக்கும் பேங்க் சர்வரைப் போய்த் தட்ட வேண்டாம், பின்னும் கேக்காது, ஃபெயில் ஆகுறதும் கம்மி. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு, எங்கப்பா மட்டும் ஆன் பண்ண விட மாட்டேங்கிறாரு. பின் கேக்கலன்னா எவன் வேணா எடுத்துட்டுப் போவானேன்னு, கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒவ்வொரு நம்பரா அமுக்கிட்டு இருக்காரு.