விலை குறைந்த காணொளிக் கேமரா: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

காணொளிப் பதிவு தொடங்க விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ‘எந்தக் கேமரா வாங்கலாம்?’ என்பதுதான். படத்தொகுப்பு என் தொழில். பிறர் எடுத்து அனுப்பும் பதிவுகளை நாள் முழுவதும் வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில், ‘எந்த மைக் வைத்திருக்கிறீர்கள்?’ என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். சிலருக்கு இந்தக் கேள்வி எரிச்சலூட்டுகிறது. ஆனால் சரிசெய்ய வழியில்லாமல் நான் திருப்பி அனுப்பிய பதிவுகளில் பெரும்பாலானவற்றில் படம் ஓரளவு நன்றாகவே இருந்தது, பேச்சுதான் புரியவில்லை.

அண்மையில் வந்த நாற்பது நிமிட நேர்காணல் ஒன்றைச் சொல்கிறேன். கேமரா புதியது, படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் கேமராவுக்குள் இருக்கும் மைக்கை மட்டும் நம்பி, பேசுகிறவரிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி அதை நிறுத்தியிருந்தார்கள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மைக்குக்கும் வாய்க்கும் இடையிலான தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நேரடியாக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) குறைகிறது. அறை முழுவதும் பரவியிருக்கும் இரைச்சலோ அப்படிக் குறைவதில்லை. அதே குரலைச் சட்டையில் குத்திய காலர் மைக் 25 சென்டிமீட்டரிலிருந்து பதிவு செய்திருந்தால், இரைச்சலைவிட ஏறத்தாழ 18 டெசிபல் கூடுதலாக மேலெழுந்து நின்றிருக்கும். இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன என்றாலும், இந்த அளவுக்குப் புதைந்த குரலை அவற்றிடம் கொடுத்தால் அது தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. அந்த நேர்காணலை மறுபடியும் எடுக்கவேண்டியதாயிற்று.

ஆகவே, கையில் இருக்கும் தொகையில் முதல் பங்கை மைக்குக்கும், அடுத்ததை விளக்குக்கும் ட்ரைபாடுக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் கேமராவைத் தேடுங்கள் என்பதே என் கருத்து. மிச்சம் ஒன்றும் இல்லையென்றால் கையில் இருக்கும் செல்பேசியே போதும். தொடக்கக்காரருக்கு அது குறைவான கருவியே அல்ல. தனிக் கேமராதான் வேண்டுமென்றால், வெளி மைக்கைச் செருகும் துளை இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். விலை குறைந்த பல மாடல்களில் அது இருக்காது. அடுத்து, எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) ஃபோகஸையும் (எந்தத் தூரத்தில் படம் தெளிய வேண்டும் என்பது) நாமே நிறுத்தி வைக்க வசதி உண்டா என்று பாருங்கள். தனியாக நின்று பேசி எடுப்பவருக்குத் தம் பக்கம் திரும்பும் திரையும் வேண்டும். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டே பேசுவதாக இருந்தால், முழுச்சட்டகக் கணக்கில் (பழைய ஃபிலிம் கேமராவின் சட்டக அளவை வைத்துச் சொல்லும் கணக்கு, எண் குறைந்தால் காட்சி அகலும்) 24 மி.மீ. அளவுக்காவது லென்ஸ் அகலமாக இருக்கவேண்டும், 35 மி.மீ. என்றால் திரை முழுவதையும் முகமே அடைத்துக்கொள்ளும். டிஜிட்டல் ஜூம் எத்தனை மடங்கு என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கவே வேண்டாம். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான், அந்த வேலையை நான் தொகுக்கும்போதே செய்துகொள்வேன்.

பெட்டியின் மேல் இருக்கும் மற்ற எண்களும் அப்படித்தான். 4கே காணொளியின் ஒரு சட்டகம், அதாவது அடுத்தடுத்து ஓடும் படங்களில் ஒன்று, 3840க்கு 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். முழு எச்டி என்றால் 20 லட்சத்துக்குச் சற்று மேல். அப்படியிருக்க, ‘48 மெகாபிக்சல்’ (4.8 கோடி புள்ளிகள்) என்ற வாசகத்தால் காணொளிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மிக மலிவான சில கேமராக்கள் சென்சாரில் (ஒளியைப் படமாக்கும் சில்லு) குறைந்த தெளிவில் எடுத்த படத்தை உள்ளுக்குள்ளேயே ஊதிப் பெரிதாக்கி, 4கே என்று பெயரிட்டுச் சேமிக்கின்றன. சிறிய எழுத்தில் அச்சிட்ட ஒரு தாளைச் சட்டகம் நிறைய எடுத்து, அதையே எச்டியிலும் எடுத்து, இரண்டையும் கணினியில் பெரிதாக்கி அருகருகே வைத்துப் பாருங்கள். 4கே பதிவில் எழுத்து கூடுதலாகத் தெளியவில்லை என்றால், நீங்கள் பெற்றது பெரிய கோப்பு மட்டுமே.

மலிவான கேமராவின் சென்சார் சிறியது. ஒளி குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும். இதற்கு மருந்து கேமராவுக்கு வெளியே இருக்கிறது. சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்து பேசினால் பாதிக் குறை மறைந்துவிடும். சன்னலுக்கு முதுகு காட்டினால் எவ்வளவு விலையுயர்ந்த கேமராவும் முகத்தை நிழலாகவே காட்டும். மின்விளக்கில் எடுக்கும்போது படத்தில் பட்டை பட்டையாக ஒளி ஓடினால், ஷட்டர் வேகம் (ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒளியைப் பதிவு செய்யும் நேரம், நொடிக் கணக்கில்) மின்சாரத்தின் துடிப்போடு ஒத்துப்போகவில்லை என்று பொருள்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120 என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பை, தானியங்கியில் விடாதீர்கள். பேசுகிறவர் சிவப்புப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக் காட்டியதும் அவர் முகம் நீலம் பாய்ந்துபோன பதிவு ஒன்றில், சட்டகம் சட்டகமாக நிறம் திருத்திய இரவை நான் இன்னும் மறக்கவில்லை.

மெமரி கார்டில் சிக்கனம் பார்ப்பவர்களும் உண்டு. நொடிக்கு 100 மெகாபிட் (எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு மெகாபைட்) வேகத்தில் பதியும் 4கே காணொளி ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி இடம் கேட்கும். வி30 என்று குறித்த கார்டு நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட்டை இடைவிடாமல் எழுதவல்லது. இந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும். ஆபத்து போலிக் கார்டில்தான் இருக்கிறது. 128 ஜிபி என்று தன்னைக் காட்டிக்கொள்ளும்படி திருத்தப்பட்ட ஒரு கார்டுக்குள் உண்மையில் 8 ஜிபி மட்டுமே இருக்கலாம். அது நிறைந்த பிறகும் கேமரா பதிவு செய்வதாகவே காட்டும், கோப்புப் பெயர்களும் வரிசையாகத் தெரியும். திறந்தால் ஒன்றும் இருக்காது. நானே ஒருமுறை அப்படிப்பட்ட கார்டை வாங்கி, ஒரு பிற்பகல் முழுக்க எடுத்ததில் முதல் சில நிமிடங்களை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து புதிய கார்டு எதுவானாலும், அதை விளிம்புவரை கோப்புகளால் நிரப்பி, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பின்புதான் கேமராவில் போடுகிறேன்.

சில கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் தாமாக நின்றுவிடும். 30 நிமிடமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் கருவியை வீடியோ கேமராவாகக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சுங்கவரி விதித்துவந்ததே இந்த விசித்திரமான எண்ணுக்குக் காரணம். வேறு சில சூட்டினால் அதற்கும் முன்பே நின்றுவிடும். எனவே நீண்ட உரையைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக எடுப்பது நல்லது. செல்பேசியில் படமும் தனிக் கருவியில் ஒலியும் எடுப்பவர்கள், செல்பேசியில் நொடிக்கு எத்தனை சட்டகம் என்ற எண்ணிக்கையை நிலையாக வைக்கும் வசதி இருந்தால் அதை இயக்கிவிட வேண்டும். அது ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் உதட்டசைவும் குரலும் மெல்ல மெல்ல விலகிப்போகும். எப்படி எடுத்தாலும், உண்மையான பதிவுக்கு முன் ஒரு நிமிடம் பேசி எடுத்து, ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள். மைக்கின் வயர் சட்டையில் உரசும் சத்தம் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.