ஆர்டர் கூடும்போது சம்பளப் பணத்துக்குத் தட்டுப்பாடு வருவது ஏன்?

திருப்பூரில் நான் தணிக்கை செய்யும் பின்னலாடை நிறுவனங்கள் வங்கிக்குக் கொடுக்கும் பணவரத்துக் கணிப்பு பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். போன வருட லாபத்தில் இருபது சதவீதத்தைக் கூட்டி, தேய்மானத்தை (கையிலிருந்து பணம் போகாத கணக்குச் செலவு) திரும்பச் சேர்த்து, இவ்வளவு பணம் வரும் என்று முடித்துவிடுவார்கள். சரக்கு வாங்கிய பார்ட்டிகளிடம் நிற்கும் பாக்கி அதில் வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வரியை விட்டுவிடுவோம். மாத விற்பனை 40 லட்சம். பணம் வர மூன்று மாதம் ஆகிறது. ஆக, வெளியே நிற்பது 120 லட்சம். நூல், சாயம் எல்லாம் சேர்த்து மாதம் 24 லட்சம், ஒரு மாதக் கடனில் வருகிறது. இப்போது விற்பனை 60 லட்சமாகிறது. வெளியே நிற்பது 180 லட்சம், நாம் கொடுக்க வேண்டியது 36 லட்சம். பார்ட்டிகளிடம் 60 லட்சம் கூடுதலாக முடங்க, சப்ளையர்கள் தாங்குவது 12 லட்சம்தான். மீதி 48 லட்சம்? பத்து சதவீத லாபம் என்றால் மூன்று மாத லாபம் முழுவதையும் போட்டாலும் 18 லட்சம். 30 லட்சம் இடிக்கும். சம்பளத்துக்குத் தட்டுப்பாடு வருவது இதனால்தான். குடோனில் கூடும் சரக்கை இன்னும் சேர்க்கவில்லை.

பில்லில் 60 நாள் என்று எழுதியிருப்பதை நம்பிக் கணிக்காதீர்கள். பார்ட்டி லெட்ஜரை (ஒவ்வொரு பார்ட்டியின் வரவு-பாக்கிக் கணக்கு) திறந்து, பில் போட்ட தேதியையும் பணம் ஏறிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய பார்ட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவசியம். சராசரி எடுத்தால் இழுத்தடிப்பவர் ஒளிந்துகொள்வார். அதை வைத்து அடுத்த 13 வாரத்துக்கு வரும் பணம், போகும் பணம் இரண்டையும் வாரவாரியாக எழுதுங்கள். போகும் பணத்தில் 7-ம் தேதி டிடிஎஸ் (நாம் பிடித்தம் செய்த வருமான வரி), 15-ல் தொழிலாளர்களுக்கான பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு), 20-ல் ஜிஎஸ்டி, அப்புறம் தீபாவளி போனஸ். பார்ட்டி பணம் தராவிட்டாலும் பில் போட்டதற்கான ஜிஎஸ்டியைக் கட்டியாக வேண்டும்.

சப்ளையர் பாக்கியைத் தள்ளிப்போட்டுச் சமாளிக்கலாம் என்றால், அதற்கும் எல்லை உண்டு. உத்யம் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவுள்ள குறு, சிறு உற்பத்தி நிறுவனங்களுக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும்; ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு, அதாவது 2023-24 நிதியாண்டுக் கணக்கு முதல், கெடு தாண்டிய தொகையைக் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும். அதனால் மார்ச் 31-க்குள்ளும் கொடுக்காவிட்டால் இந்த வருட வரி ஏறும், வருடத்துக்குள்ளேயே தவணையில் கட்டும் அட்வான்ஸ் டாக்ஸும் ஏறும்.

இன்னொன்று, மார்ச் 31 கணக்கை அடிப்படையாக வைக்காதீர்கள். மார்ச்சில் விரட்டி வசூலித்து, கொடுக்க வேண்டியதை நிறுத்திவைப்பது இங்கே வழக்கம். ஆண்டறிக்கையில் பணவரத்து நன்றாகத் தெரியும்; ஏப்ரலில் அத்தனையும் வெளியே போகும். அதனால் பழைய கணக்கைப் பார்ப்பதானால் பன்னிரண்டு மாதத்துக்கும், ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நின்ற பாக்கியை எடுத்துப் பாருங்கள்.