என்.எஸ்.எஸ். சான்றிதழ்: உழைத்தவர் கைக்கு வராமல் போவது எப்படி?

நாட்டு நலப்பணித் திட்டம், நாம் வாயால் சொல்கிற என்.எஸ்.எஸ்., காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. மத்திய இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்தின் திட்டம். சின்னத்தில் இருக்கும் கொனார்க் சக்கரத்துக்கு என்ன பொருள் என்பதை முதல் கூட்டத்திலேயே விளக்கிவிடுவார்கள். சான்றிதழ் எப்படி வரும், எங்கே சிக்கும் என்பதை மட்டும் மூன்றாம் ஆண்டு வரைக்கும் யாரும் சொல்வதில்லை. அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

விதி சின்னதுதான். ஆண்டுக்கு 120 மணி நேரம், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள், மொத்தம் 240. அந்த இரண்டு ஆண்டுக்குள் ஒரு சிறப்பு முகாம், ஏழு நாள். மணி நேரமும் வேண்டும், முகாமும் வேண்டும்; ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க முடியாது. முடித்தவர்களின் பெயரைக் கல்லூரி பரிந்துரைக்கும், சான்றிதழைப் பல்கலைக்கழகம் கொடுக்கும். நடுவில் இருக்கும் இந்த இரண்டு மேசைகளில்தான் பாதிப் பேருடைய உழைப்பு காணாமல் போகிறது.

முதல் பொறி, பெயர்ப் பட்டியல். ஒரு யூனிட்டுக்கு 100 தொண்டர்கள், அவர்களுக்குப் பொறுப்பாக ஒரு ஆசிரியர், அதாவது திட்ட அலுவலர், என்பது கணக்கு. ஆனால் பனியன் போட்டுக்கொண்டு மரம் நடப் போகிறவர்கள் 150 பேர் இருப்பார்கள். மிச்சம் 50 பேரும் வருகிறார்கள், வேலை செய்கிறார்கள், குரூப் போட்டோவில் நிற்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போன பட்டியலில் இருக்க மாட்டார்கள். இதைக் கண்டுபிடிப்பது இரண்டு ஆண்டு கழித்து, கடைசி செமஸ்டரில். ஆகவே சேர்ந்த முதல் மாதமே திட்ட அலுவலரிடம் போய், "சார், என் யூனிட் எண் என்ன, என் பதிவு எண் என்ன, பட்டியல் அனுப்பியாச்சா?" என்று கேளுங்கள். "உன் பேரு இருக்கும்மா, போ" என்ற பதில் பதிலாகாது. பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது மத்திய அரசின் இளைஞர் இணையதளமான மை பாரத் தளத்திலும் பதிவு கேட்கிறார்கள். அதில் பதிந்துவிட்டதால் கல்லூரிப் பட்டியலில் தானாக ஏறிவிடும் என்று நினைக்க வேண்டாம். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பட்டியலைப் பார்க்கும்போதே இனிஷியலையும் பாருங்கள். ஆதாரில் "கார்த்திக் எஸ்", மதிப்பெண் பட்டியலில் "எஸ். கார்த்திக்", என்.எஸ்.எஸ். பட்டியலில் வெறும் "கார்த்திக்". நமக்கு மூவரும் ஒருவர்தான். சான்றிதழ் சரிபார்க்கிற அலுவலருக்கு மூன்று பேர். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

என்.சி.சி.யில் இருந்துகொண்டே என்.எஸ்.எஸ்.ஸிலும் சேர முடியாது. ஒரு கல்லூரியில் தெரியாமல் இரண்டிலும் எடுத்துக்கொண்டார்கள், பையனும் இரண்டு ஆண்டு இரண்டுக்கும் ஓடினான், கடைசியில் ஒன்றை விடச் சொன்னார்கள். சேர்த்தவர்களுக்கு ஒரு கேள்வியும் இல்லை.

அடுத்தது மணி நேரம். முதலாண்டின் 120-ஐப் பொதுவாக இப்படிப் பிரிப்பார்கள்: அறிமுகப் பயிற்சிக்கு 20, கல்லூரி வளாக வேலைக்கு அதிகபட்சம் 30, மீதி 70 வெளியே, மக்களிடத்தில். இந்த 30 என்ற எல்லையைப் பல கல்லூரிகளில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆண்டு விழாவுக்கு நாற்காலி தூக்கவும், பட்டமளிப்பு விழாவில் விருந்தினருக்கு வழி காட்டவும், சிறப்பு விருந்தினர் வரும் வழியில் வரிசையாக நிற்கவும் தொண்டர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் அதை வைத்து 120 நிரம்பிவிட்டது என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கிராமத்துக்குப் போன மணி நேரம் எவ்வளவு என்று நீங்களே ஒரு கணக்கு வையுங்கள்.

அந்தக் கணக்கு டைரியில் இருக்க வேண்டும். ஒரு மாணவியின் டைரியைப் பார்த்தேன். அழகான கையெழுத்து, தேதி வாரியாக: "ஊர்க் குளம், வெங்காயத்தாமரை அகற்றல், காலை 8 முதல் 12 வரை." "ரேஷன் கடைத் தெரு, டெங்கு விழிப்புணர்வு, 3 மணி நேரம்." ஒரு பக்கத்தில் சேறு காய்ந்த விரல் அடையாளம்கூட இருந்தது. வலது ஓரத்தில் திட்ட அலுவலர் கையெழுத்துக்கான கட்டம் மட்டும் முதல் ஆண்டு முழுக்கக் காலி. "மொத்தமா போட்டுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார் அந்த அலுவலர். அடுத்த ஆண்டு அவர் மாறுதலாகிப் போனார். புதிதாக வந்தவர், "நான் பாக்காததுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். அந்தப் பெண்ணின் உழைப்புக்குத்தான் சாட்சி இல்லாமல் போயிற்று.

ஆகவே வேலை முடிந்த அன்றே, இல்லாவிட்டால் அந்த வாரமே கையெழுத்து. வாங்கியதும் அந்தப் பக்கத்தை ஒரு படம். சரிபார்க்கிறேன் என்று டைரியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அலமாரி மாறும், அறை மாறும், டைரி வராது. ஜெராக்ஸ் எடுக்காமல் டைரியைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

ஓ.டி., அதாவது வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கில் எடுக்கும் 'ஆன் டியூட்டி', இன்னொரு தலைவலி. பேரணிக்குக் கூட்டிப் போகும்போது "ஓ.டி. உண்டு" என்பார்கள். அந்தப் பட்டியல் துறைத் தலைவர் மேசைக்குப் போனதா, வருகைப் பதிவேட்டில் ஏறியதா என்று யார் பார்ப்பது? நீங்கள்தான். 75 சதவீதத்துக்குக் கீழே போய்த் தேர்வெழுத முடியாமல் நிற்கும்போது என்.எஸ்.எஸ். அறையும் துறை அலுவலகமும் ஒன்றையொன்று கை காட்டும். மாதக் கடைசியில் ஒரு தடவை வருகையைப் பாருங்கள், விடுபட்டிருந்தால் அந்த மாதமே கேளுங்கள்.

இனி முகாம். அதிகம் பேர் விழுவது இங்கேதான். யூனிட்டில் பாதிப் பேரைத்தான் ஒரு முகாமுக்குக் கூட்டிப் போவார்கள், சாதாரணமாக 50 பேர். "நான் அடுத்த வருஷம் போறேன்" என்று முதலாண்டில் விட்டவர்கள் அடுத்த ஆண்டு இன்டர்ன்ஷிப், அரியர் தேர்வு, அக்கா கல்யாணம் என்று மாட்டிக்கொள்கிறார்கள். வாய்ப்பு வரும் முதல் முகாமுக்கே போய்விடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் அனுப்ப மறுப்பது வழக்கமாக நடப்பது. அப்போது சில அலுவலர்கள் இரக்கப்பட்டு, "பகல்ல வந்துட்டு சாயங்காலம் போயிடு" என்பார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் இது தங்கிச் செய்யும் முகாம். தினம் வீட்டுக்குப் போனவர் பெயரை வருகைப் பதிவேட்டில் எப்படி எழுதினார்கள் என்பது பின்னால் கேள்வியாகும். அதைவிட, எந்த ஊர், எங்கே தங்குவது, கூடத் தங்கும் பெண் ஆசிரியர் யார், கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டுப் பெற்றோரிடம் பேசச் சொல்லுங்கள். பள்ளிக்கூடக் கட்டடத்தில் படுத்துக்கொள்ள இடம் பார்த்த அலுவலருக்கு இதைச் சொல்வது கடினமில்லை. சொல்ல முடியவில்லை என்றால் அவர் இன்னும் இடமே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மூன்றாம் ஆண்டில் கேட்கும் இன்னொரு பேச்சு: "எனக்குத்தான் பகுதி 5-இல் கிரெடிட் வந்துடுச்சே!" நம் கலை அறிவியல் கல்லூரிகளின் பட்டப்படிப்பில் விரிவாக்கப் பணிக்கு ஒரு கிரெடிட் தருகிறார்கள், பாஸாக அது வேண்டும். என்.எஸ்.எஸ். சான்றிதழ் அதில் சேர்ந்து வராது. அதேபோல உறுதிமொழி எடுத்ததற்கு, வினாடி வினாவுக்கு, இணையக் கருத்தரங்குக்கு என்று மெயிலில் வந்து விழும் இ-சான்றிதழ்களை எத்தனை அடுக்கினாலும் 240 மணி நேரம் ஆகாது. சில இடங்களில் முகாமுக்கும் தனித்தாள் தருவார்கள். அதுவும் இறுதிச் சான்றிதழ் இல்லை. பள்ளியில் செய்த என்.எஸ்.எஸ். வேறு கணக்கு.

இந்தச் சான்றிதழால் என்ன கிடைக்கும் என்று கேட்டால், சில மேற்படிப்புச் சேர்க்கைகளில் தனி மதிப்பெண் உண்டு. அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைப் படியுங்கள். என்.சி.சி. 'சி' சான்றிதழுக்கு ராணுவத்தில் இருக்கும் தனி வழி இதற்குக் கிடையாது. வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

திட்ட அலுவலர் பொறுப்பைப் புதிதாகத் தலையில் கட்டியிருக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் "நீங்க சின்ன வயசு, பாத்துக்கோங்க" என்று பிரின்சிபால் அறையில் வாய்மொழியாகவே முடிந்துவிடும். எழுத்தில் ஆணை வாங்குங்கள். பழைய அலுவலரிடம் பெயர்ப் பட்டியல், மணி நேரப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, வங்கிக் கணக்கு விவரம், நிலுவையில் உள்ள சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு வாங்குங்கள். அவர் பக்கத்து அறை நண்பராக இருந்தாலும் சரி. முகாம் முடிந்து பல நாள் கழித்துத்தான் பணம் வரும் என்ற நிலை இருந்தால், அதுவரை மளிகைக் கடைக்கும் வேன்காரருக்கும் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். கல்லூரியிலிருந்து முன்பணம் கேட்டுக் கடிதம் கொடுங்கள், நகல் வையுங்கள். காய்கறிக்காரர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார், தணிக்கையில் அது செல்லாது. தேதி, பெயர், கையெழுத்தோடு வவுச்சராக அன்றன்றைக்கு எழுதிவிடுங்கள். செலவுச் சான்று நீங்கள் அனுப்பாவிட்டால் அடுத்த ஆண்டுப் பணம் நிற்கும், திட்டு உங்களுக்குத்தான். ஊருக்குப் போகும் முன் ஊராட்சித் தலைவரிடம் ஒரு தடவை பேசி, என்ன வேலை வேண்டும் என்று கேளுங்கள். ஒரே சுவருக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்துவிட்டு வருகிற கூட்டத்தை ஊர்க்காரர்கள் சலிப்போடுதான் பார்க்கிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சான்றிதழ் வரவில்லையா? கல்லூரி "யுனிவர்சிட்டிக்கு அனுப்பியாச்சு" என்னும், பல்கலைக்கழகத்தில் "காலேஜ்ல இருந்து வரல" என்பார்கள். நடுவில் பஸ் ஏறி இறங்குவதை நிறுத்திவிட்டு, பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். மூன்றே கேள்வி: என் யூனிட்டின் பதிவுப் பட்டியல் நகல், என் பெயரைப் பரிந்துரைத்துக் கல்லூரி அனுப்பிய கடிதத்தின் நகலும் அது வந்த தேதியும், சான்றிதழ் இப்போது எந்த நிலையில் உள்ளது. "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள். விளக்கம் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள், ஆவணம் கேட்டால் முடியாது. 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் முதல் மேல்முறையீடு. சுயநிதிக் கல்லூரி என்றால் கல்லூரியில் மோதிக்கொண்டிருக்க வேண்டாம், கடிதம் போய்ச் சேர்ந்த பல்கலைக்கழகத்தையே கேளுங்கள்.

டி.சி. வாங்க நோ டியூ படிவத்தோடு அலையும் நாளில் என்.எஸ்.எஸ். அறையையும் எட்டிப் பாருங்கள், டி.சி. கைக்கு வந்தபின் உங்களை அங்கே யாருக்கும் தெரியாது. சான்றிதழ் கொடுத்தால் பெயர், இனிஷியல், பதிவெண், ஆண்டு நான்கையும் அந்த ஜன்னலிலேயே நின்று படியுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துத் திரும்பி வந்தால், திருத்தத்துக்கென்று தனி விண்ணப்பம், தனி வரிசை.