பூட்டிவைத்த கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? மலைச் சரிவில் உருட்டாதீர்கள்

மே மாதக் கோடை விழா முடிந்த கையோடு ஏற்காட்டு வீட்டில் காரைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். தீபாவளி விடுமுறைக்கு வந்து சாவியைத் திருப்பினால் வண்டி எடுக்காது. அடுத்து அவர்கள் செய்வதுதான் எங்களைப் பதற வைக்கிறது: ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்யப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிரேக்குக்குக் கை கொடுக்கும் பூஸ்டர் இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் முதல் மிதியிலேயே பெடல் கட்டையாக இருக்கும். பவர் ஸ்டீயரிங்கும் உதவாது. கீழே அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். இத்தனைக்கும் ஆட்டோமேட்டிக் கியர் வண்டி எவ்வளவு உருட்டினாலும் ஸ்டார்ட் ஆகாது.

சாவியைத் தொடும் முன் பானெட்டைத் திறங்கள். மலையில் முதல் சந்தேகம் எலி மேல்தான். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால் காய்ந்த சருகு, கந்தல் துணி, பானெட்டின் அடிப்பக்கத்திலிருந்து பிய்த்த பஞ்சு என்று ஒரு கூடே இருக்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குக் காற்றுப் போகாது, குப்பையும் உள்ளே இழுக்கப்படலாம். இன்ஜெக்டருக்கும் சென்சாருக்கும் போகும் மெல்லிய வயர்களைக் கையால் தடவிப் பாருங்கள். கடித்த இடத்தில் செம்புக் கம்பி பளிச்சென்று தெரியும். பெட்ரோல் வாடை அடித்தாலோ, வண்டிக்கு அடியில் ஈரம் கண்டாலோ அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பெட்ரோல் டியூபையும் எலி விடாது. இதெல்லாம் சரியாக இருந்தால், ஆயில் கம்பியை உருவி அளவு பார்த்துவிட்டு சாவிக்கு வாருங்கள்.

இனி காதுக்குத்தான் வேலை. டிக்-டிக்-டிக் என்று வேகமாகத் தட்டினால் பேட்டரி இறங்கியிருக்கிறது. ஒரே ஒரு 'டக்' வந்து நின்றுவிட்டால் பேட்டரி டெர்மினல், பேட்டரியை இன்ஜின் இரும்போடு இணைக்கும் எர்த் வயர், இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் மூன்றில் ஒன்றில் கோளாறு. சத்தமே இல்லை, டேஷ்போர்டு விளக்கும் எரியவில்லை என்றால் பேட்டரி முழுக்கக் காலி, அல்லது கிளாம்ப் கழன்றிருக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை.

பேட்டரி ஏன் இறங்குகிறது? பூட்டிய காரிலும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு மாதத்தில் 21 ஆம்பியர்-அவர் போய்விடும். சிறிய கார்கள் பலவற்றில் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர்-அவர்தான். சேலத்து வெயிலில் நிற்கும் வண்டிக்கு இது போதாதென்று, சூட்டிலேயே பேட்டரி தானாக இறங்குவதும் வேகமாகும்.

மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அந்த பேட்டரியை நம்ப முடியாது. 12.6 காட்டியும் செல்ஃப் சுற்றவில்லையா? மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை இன்ஜினின் வெற்று இரும்பிலும் வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரின் முனை துருப்பிடித்திருக்கிறது. மலை ஈரத்தில் இது சகஜம். இதைப் பார்க்காமல் செல்ஃப் மோட்டாரை மாற்றுவது வீண் செலவு.

டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை வெந்நீரில் கரைத்த சமையல் சோடா ஊற்றித் தேய்த்தால் நுரைத்துப் போய்விடும். துடைத்துக் காயவைத்து, கிளாம்ப்பை இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

ஜம்பர் கேபிள் போடும்போது வரிசை மாறக்கூடாது. சிவப்பு முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனை ஸ்டார்ட் ஆகாத வண்டியின் இன்ஜின் இரும்பில். அந்தக் கடைசி முனையை பேட்டரியிலேயே கொடுத்தால் தெறிக்கும் பொறியில் அங்கே கசியும் ஹைட்ரஜன் வாயு பற்றிக்கொள்ளலாம். உப்பிய பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கவே வேண்டாம். ஐந்து நிமிடம் நல்ல வண்டியை ஓடவிட்டுப் பிறகு சாவியைத் திருப்புங்கள். ஒரு முறைக்கு 10 வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள், இல்லையென்றால் மோட்டார் கருகும்.

செல்ஃப் சுற்றியும் பிடிக்காத பெட்ரோல் வண்டியில், சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம் இரண்டு வினாடி 'ஙொய்' என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அறியவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். பலமுறை அடித்துப் பெட்ரோல் வாடை வந்துவிட்டால், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்போது பெட்ரோல் நின்று சிலிண்டர் காயும். மாதக்கணக்கில் கிடந்து வார்னிஷ் வாடை அடிக்கும் பெட்ரோலை இறக்கிவிடுவதே நல்லது; எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். டீசல் வண்டியில் ஃபில்டருக்கு அடியில் சேர்ந்த தண்ணீரை வடித்துவிட்டு, கை பம்ப் இருந்தால் இறுகும்வரை அழுத்தி, டீசல் குழாயில் அடைத்த காற்றை (ஏர் லாக்) எடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி முறுக்காதீர்கள். ஆயில் விளக்கு சில வினாடிகளில் அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வந்தால், ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சரி. முழுக்க இறங்கிய பேட்டரியை அது நிரப்பிவிடும் என்று நம்பாமல், தனியே கழற்றி 3 அல்லது 4 ஆம்பியரில் ஓர் இரவு சார்ஜ் போடுங்கள். மலை இறங்கும் முன் சமதளத்தில் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடிக்கிறதா, பின் சக்கரம் ஹேண்ட் பிரேக்கில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த முறை பூட்டும்போது ஹேண்ட் பிரேக் போடாமல், சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் விட்டு, சக்கரங்களுக்கு இருபுறமும் கல் கொடுங்கள். 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றிவிடுங்கள். அப்போது சாவி உங்கள் கையில் இருக்கட்டும். சில வண்டிகளில் சென்ட்ரல் லாக் தானாக விழுந்துவிடும்.